மரணக் கணக்கும் ராஜ்ய தர்மமும்

ஒரு நாட்டுக்கு அணிகலன்கள் ஐந்து என்று எண்ணிய வள்ளுவர், பிணியின்மையை அவற்றுள் முதலாவதாக வைத்தார். செல்வம் அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது. 1942-ம் வருஷம் டிசம்பர் மாதம், யுத்தத்தின் நடுவே, லண்டன் மாநகரில் வெளியான ஓர் அறிக்கையும் ஐந்து என்றே எண்ணிற்று. ஆனால் அது எண்ணியது அணிகலன்களை அன்று, அரக்கர்களை. வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை ஆகிய ஐவரும் ஒரு தேசத்தின் வழியை மறித்து நிற்கும் அரக்கர்கள் என்றும், அவர்களில் ஒருவனை மட்டும் வீழ்த்திப் பயனில்லை என்றும் அந்த அறிக்கை கூறிற்று. அதை எழுதியவர் ஸர் வில்லியம் பெவரிட்ஜ். 1879-ல் வங்காளத்து ரங்கபூரில், ஐ.ஸி.எஸ். நீதிபதி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். சர்க்கார் அறிக்கைகளை விலை கொடுத்து வாங்குவோர் எங்கும் சிலரே. இதுவோ லக்ஷக்கணக்கில் விற்பனையாயிற்று.

அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததே இன்று நாம் பொதுநல ராஜ்யம் என்று சொல்லும் அமைப்பு. அதன் தலைசிறந்த ஸ்தாபனம் 1948 ஜூலை 5-ந் தேதி பிரிட்டனில் தொடங்கப்பெற்ற தேசிய சுகாதார சேவை. பணக்காரனோ ஏழையோ, டாக்டர் வாயிலில் யாரிடமும் காசு கேட்கப்படாது என்று ஒரு பெரிய தேசம் அன்று சட்டம் செய்தது. அதற்குப்பின் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அந்தச் சட்டத்தினால் ஏழையின் ஆயுள் செல்வனின் ஆயுளுக்குச் சமமாயிற்றா? ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை ஆராய்வது நமக்கு அவசியம். நம் தேசத்தில் தேர்தல் வரும்போதெல்லாம் புதிய ஆஸ்பத்திரி, புதிய இன்ஷ்யூரன்ஸ் என்ற வாக்குறுதிகள் மழைபோலப் பொழிகின்றன. அவற்றை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது என்பதைப் பிரிட்டனின் அனுபவம் நமக்குக் கற்பிக்கும்.

சாவிலும் மேல் கீழ்

1842-ம் வருஷத்தில் எட்வின் சாட்விக் என்பவர் பிரிட்டிஷ் தொழிலாளர்களின் சுகாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். மாஞ்செஸ்டர் நகரில் கனவான்களும் வக்கீல், வைத்தியர் போன்றோரும் இறக்கும் சராசரி வயது 38, வியாபாரிகளுக்கு 20, கூலித் தொழிலாளர்களுக்கு 17. ரட்லண்ட் என்னும் கிராமப் பிரதேசத்தில் இதே மூவகையாருக்கும் முறையே 52, 41, 38. குழந்தைகளின் மரணமும் இந்தச் சராசரியில் அடங்கும். ஆதலால் தொழிலாளர் எல்லாரும் பதினேழாவது வயதில் மாண்டனர் என்று பொருள் கொள்ளலாகாது. தொட்டிலில் கிடந்த சிசுக்கள் மாண்டதனாலேயே கணக்கு அவ்வளவு கீழே இறங்கிற்று. ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரட்லண்டின் கூலிக்காரனும் மாஞ்செஸ்டரின் கனவானும் ஒரே வயதில் இறந்தார்கள். அப்படியானால் மரணத்தை நிர்ணயித்தது உடம்பின் விதி மட்டுமன்று, பணப்பை மட்டுமன்று, மனிதன் வாழ்ந்த தெருவும், குடித்த நீரும், அவன் வீட்டு வாசலில் தேங்கிய சாக்கடையும் அதில் பங்கு கொண்டன.

சாட்விக்கின் முயற்சியால் 1848-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. ஆனால் அவர் கண்ணில் ஒரு பாதிதான் பட்டது. அழுக்கினால் நோய் வருகிறது, நோயினால் வறுமை வருகிறது என்றார். வறுமையினாலேயே நோய் வரலாம் என்பதை அவர் ஒப்பவில்லை. ஏழைகளை வேலைக் கூடங்களில் அடைத்த 1834-ம் வருஷத்து ஏழைச் சட்டத்தை வகுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. தான் வரைந்த சட்டமே பிரதிவாதியாக நிற்கும் வழக்கில் எவர் பாரபட்சமின்றிச் சாட்சி சொல்லுவார்?

அடுத்த அரை நூற்றாண்டில் சாக்கடைகள் அமைந்தன, குழாய் நீர் வந்தது, காலரா ஒழிந்தது. ஆனால் 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது, பட்டாளத்தில் சேர வந்த பட்டணத்துத் தொழிலாளர்களில் பெருந்தொகையினர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். சாம்ராஜ்யத்தைக் காக்க ஆள் இல்லை என்ற அச்சம் பிறந்த பிறகே ஆளும் வகுப்பாருக்கு ஏழைச் சிறுவனின் எலும்பும் தோலும் கண்ணுக்குப் புலனாயின. 1906-ல் பள்ளிக்கூடங்களில் உணவளிக்கச் சட்டம் வந்தது. 1907-ல் மாணவர்களுக்கு வைத்தியப் பரிசோதனை வந்தது. 1911-ல் லாயிட் ஜார்ஜ் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தை நிறைவேற்றினார். தொழிலாளி வாரத்துக்கு நாலு பென்ஸ், முதலாளி மூன்று, சர்க்கார் இரண்டு. இதற்குப் பிரதியாகத் தொழிலாளிக்கு டாக்டரின் உதவி. ஆனால் அவன் மனைவிக்கும் மக்களுக்கும் அந்த உதவி கிடையாது. குடும்பத்தில் கூலி கொண்டுவரும் ஒருவனே மனிதன், மற்றவர்கள் அவன் நிழல்கள் என்று சட்டம் கருதியது போலும்!

சுரங்கத்திலிருந்து வந்த மந்திரி

1945-ல் தொழிற்கட்சி பதவிக்கு வந்தபோது சுகாதார மந்திரியானவர் அனியூரின் பெவன். தெற்கு வேல்ஸ் பிரதேசத்தில் ட்ரெடிகர் என்னும் சுரங்க ஊரில் பிறந்து, பதின்மூன்றாவது வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தூசு நுரையீரலில் படிந்து அவருடைய தந்தை 1925-ல் மாண்டார். அந்த நோய் அக்காலத்தில் தொழில் நோயாக அங்கீகரிக்கப்படாமையால் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒரு காசும் இல்லை. ஆனால் அதே ஊரில் வேறொன்றும் இருந்தது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாரந்தோறும் சிறு சந்தா செலுத்தித் தாங்களே டாக்டர்களை அமர்த்திக்கொண்ட வைத்திய உதவிச் சங்கம் அது. குடும்பத்தார் அனைவருக்கும் அதில் சிகிச்சை உண்டு. ட்ரெடிகர் தனக்குத் தானே செய்துகொண்டதைத் தேசம் முழுமைக்கும் செய்வதே பெவனின் திட்டம்.

டாக்டர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலான டாக்டர்கள் திட்டத்துக்கு விரோதமாக வாக்களித்தனர். பெவன் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களைத் தனியாகப் பிரித்து, சர்க்கார் சம்பளத்தோடு தனித் தொழிலும் நடத்தலாம் என்று சலுகை தந்து, எதிர்ப்பை உடைத்தார். ஜூலை 5-ந் தேதி குறித்தபடி சேவை தொடங்கிற்று. முதல் ஆண்டிலேயே லக்ஷோபலக்ஷம் மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. குழந்தை பெற்ற நாளிலிருந்து உள்நோயை மறைத்துக்கொண்டு இருபது முப்பது வருஷம் உழைத்த பெண்கள் முதன்முறையாக டாக்டரிடம் வந்தார்கள். ஏழைக்கு நோய் குறைவு என்று அதுவரை சொல்லி வந்தவர்கள், ஏழைக்குக் குறைவாக இருந்தது நோயன்று, காசே என்று அறிந்துகொண்டார்கள்.

இந்தக் காரியத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நாம் உடன்படோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1948-ல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 34 பேர் முதல் வருஷம் முடியுமுன் இறந்தனர். இக்காலத்தில் அந்தத் தொகை 4 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இது ஆஸ்பத்திரியினால் மட்டும் வந்ததன்று. ஆயினும் ஆஸ்பத்திரியின் பங்கு பெரிது. மூன்றே வருஷத்தில், கொரியா யுத்தத்தையொட்டி ஆயுதச் செலவு பெருகியபோது, பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கச் சர்க்கார் துணிந்தது. 1951 ஏப்ரலில் பெவன் தம் பதவியைத் துறந்தார். தொகை சிறிது, ஆனால் கொள்கை பெரிது என்பது அவர் கருத்து.

மூவகை ராஜ்யங்கள்

இவ்விடத்தில் உலகத்தில் வழங்கும் ஆட்சி முறைகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலாவது ஜெர்மனி வழி. 1883-ல் பிஸ்மார்க் நோய் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளரிடத்தில் அவருக்கு அன்பு பெருகியதனால் அன்று. அபேதவாதிகளின் செல்வாக்கைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம். தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவினால் நடைபெறும் நிதிகள் அங்கே வைத்தியச் செலவை ஏற்கின்றன. உத்தியோகத்தை ஒட்டி உரிமை வருவதால் சமூகத்தின் மேல் கீழ் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. இரண்டாவது அமெரிக்க வழி. தன் வாழ்வைத் தானே பார்த்துக்கொள்வது தனி மனிதன் பொறுப்பு, சந்தையே வழங்குவோன். 1965-ல்தான் கிழவர்களுக்கும் பரம ஏழைகளுக்கும் சர்க்கார் உதவி வந்தது. 2010-ல் ஒரு பெரிய சட்டம் செய்த பிறகும், 2023-ல் சுமார் 2 கோடியே 60 லக்ஷம் ஜனங்கள் அங்கே எவ்வித இன்ஷ்யூரன்ஸும் இல்லாதிருந்தனர். மூன்றாவது சுவீடன், நார்வே முதலிய வடதேசங்களின் வழி. வரிப்பணத்திலிருந்து எல்லோருக்கும் சம உரிமை. பிரஜை என்பதே தகுதி. பிரிட்டன் வைத்தியத்தில் இந்த மூன்றாவது வழியையும், மற்றவற்றில் பெரும்பாலும் இரண்டாவது வழியையும் பின்பற்றும் கலப்பு ராஜ்யம். இந்தக் கலப்பில்தான் நாம் தேடும் விடை மறைந்திருக்கிறது.

மறைக்கப்பட்ட அறிக்கை

பிரிட்டிஷ்காரரிடத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இறந்தவனின் தொழிலைப் பதிவு செய்து, எந்தத் தொழிலாளர் எந்த வயதில் இறக்கின்றனர் என்று நீண்ட காலமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். அந்தக் கணக்கே தேசிய சுகாதார சேவைக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்தது. 1977-ல் தொழிற்கட்சிச் சர்க்கார், ஸர் டக்ளஸ் பிளாக் தலைமையில் ஒரு சிறு கமிட்டியை நியமித்தது. கமிட்டி கண்ட உண்மை இது: உயர் தொழிலினரின் வீட்டில் பிறந்த குழந்தையைவிட, பயிற்சியில்லாத கூலித் தொழிலாளியின் வீட்டில் பிறந்த குழந்தை முதல் மாதத்தில் இறப்பது இரு மடங்கு. ஓய்வு பெறும் வயதுக்கு முன் இறப்பதில் கீழ் வகுப்பினர் மேல் வகுப்பினரைவிட இரண்டரை மடங்கு. இலவச வைத்தியம் வந்து முப்பது வருஷமான பின்னும் சில வயதினரிடையே இந்த இடைவெளி குறையவில்லை; விரிந்தே இருந்தது.

காரணம் என்ன? வைத்திய வசதியில் உள்ள குறைகள் ஒரு பங்கே. வருமானம், வேலை, வீடு, கல்வி, குழந்தைப் பருவத்துப் போஷணை இவையே பெரும் பங்கு என்று கமிட்டி தீர்ப்புக் கூறிற்று. குழந்தைகளுக்கு உதவித் தொகையை உயர்த்துக, பள்ளி உணவை இலவசமாக்குக, வீடுகளைச் செப்பனிடுக என்று சிபாரிசு செய்தது. அறிக்கை கைக்கு வந்தபோது ஆட்சி மாறி, ஸ்ரீமதி தாட்சரின் சர்க்கார் நடந்துகொண்டிருந்தது. 1980 ஆகஸ்டில், விடுமுறை நாளையொட்டிப் பத்திரிகாசிரியர்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அச்சிடாமல் தட்டச்சுப் பிரதிகளாக 260 மட்டும் எடுத்து அறிக்கை வெளியிடப்பட்டது. சிபாரிசுகளை நிறைவேற்ற வருஷத்துக்கு 200 கோடி பவுனுக்கு மேல் செலவாகும், அது நடவாத காரியம் என்று மந்திரி முகவுரையிலேயே எழுதிவிட்டார். மறைக்க முயன்றதனாலேயே அது உலகப் புகழ் பெற்றது. 1982-ல் புஸ்தகமாக வெளிவந்து, வேண்டியவர் எல்லாரும் படித்தார்கள்.

டாக்டர் எங்கே போகிறார்?

வைத்திய வசதியில் உள்ள குறை ஒரு பங்குதான் என்றோம். அந்த ஒரு பங்கையும் அலட்சியம் செய்யலாகாது. வேல்ஸ் பிரதேசத்தில் கிளின்கோரக் என்னும் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1961 முதல் தொண்டு புரிந்தார். நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே தேவை குறைவோ அங்கே அதிகமாகவும் கிடைக்கிறது என்ற விதியை அவர் 1971-ல் எடுத்துரைத்தார். வைத்தியம் சந்தைக்கு எவ்வளவு ஆட்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த விதி வலுவாக நடக்கும் என்பதும் அவர் வாதம். சுரங்க ஊரில் டாக்டரிடம் வரும் கூட்டம் பெரிது. அவருக்குள்ள நேரம் சிறிது. செல்வர் வாழும் பகுதியிலோ இதற்கு மாறு. சர்க்கார் பணமும் பழைய வழக்கப்படி, பெரிய ஆஸ்பத்திரிகள் ஏற்கனவே நிறைந்திருந்த லண்டனையும் தென்கிழக்குப் பிரதேசத்தையும் நாடியே ஓடிற்று. 1976-ல் ஒரு கமிட்டி, எந்தப் பிரதேசத்தில் மரண விகிதம் அதிகமோ அந்தப் பிரதேசத்துக்கு அதிகப் பணம் என்ற முறையை வகுத்த பின்பே இது திருந்தத் தொடங்கிற்று.

டியூடர் ஹார்ட் விதியைச் சொன்னதோடு நிற்கவில்லை. அதை மீறியும் காட்டினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிராமத்தில் வயது வந்தோர் எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் தாமே அளந்து, வராதவர்களைத் தேடிப்போய்ச் சிகிச்சை தந்தார். இருபத்தைந்து வருஷ உழைப்பின் பலனை 1991-ல் கணக்கிட்டபோது, 65 வயதுக்குட்பட்டோர் மரணம் அக்கிராமத்தில் அண்டைக் கிராமத்தைவிட நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் குறைந்திருக்கக் கண்டார்கள். இரண்டும் சுரங்க ஊர்களே. ஏழ்மையும் ஏறத்தாழ ஒன்றே. கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் வைத்தியம் வேறு, ஜனங்களைத் தேடிச் செல்லும் வைத்தியம் வேறு என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

ஆபீஸ் படிக்கட்டு

இனி, பட்டினியும் பாழ் வீடும் இல்லாதவரிடையேயும் இந்த இடைவெளி உண்டா என்று பார்ப்போம். லண்டனில் சர்க்கார் காரியாலயங்கள் நிறைந்த வீதிக்கு வொய்ட்ஹால் என்று பெயர். அங்கே உத்தியோகம் பார்த்த சுமார் 18,000 ஆண்களின் ஆரோக்கியத்தை 1967 முதல் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை; எல்லோருக்கும் பென்ஷன்; எல்லோருக்கும் ஒரே இலவச வைத்தியம். அப்படியிருந்தும், சேவகர், வாயிற்காவலர் முதலிய கடைப்படியினரின் மரண விகிதம் தலைமை அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்காக இருந்தது. மேல்படிக்கு அடுத்த படியில் நின்றவர்கள்கூட மேல்படியினரைவிட விரைவில் இறந்தார்கள். புகை பிடித்தல், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தும் இடைவெளியின் பெரும் பகுதி அப்படியே நின்றது. 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சி, தன் வேலையின் மீது தனக்கு எவ்வித அதிகாரமும் இல்லாதவனுக்கு இருதய நோய் அதிகம் என்பதைக் காட்டிற்று. அடிமைப்பட்ட தேசத்தில் பிறந்தவர்களின் பேரர்களாகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஏவலுக்கு மட்டும் உரியவனாக வாழ்வது உள்ளத்தை மட்டும் அரிப்பதன்று; உடலையும் அரிக்கிறது.

வடதேசங்களும் இதற்கு விலக்கல்ல. 1997-ல் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சியொன்று, மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் உள்ள மரண விகிதாசாரம் சுவீடனிலும் நார்வேயிலும் மற்ற நாடுகளைவிடக் குறைவாக இல்லை என்று கண்டு உலகை வியக்கச் செய்தது. பொதுநல ராஜ்யத்தின் எதிரிகள் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். சுவீடனின் தொழிலாளி பிரிட்டிஷ் தொழிலாளியைவிட நீண்ட நாள் வாழ்கிறான். விகிதாசாரம் குறையாவிட்டாலும், மாடி முழுவதும் உயர்ந்திருக்கிறது. ஆனால் மாடியில் படிகள் இருக்கும் வரையில், கீழ்ப்படியில் நிற்பவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும் என்பதும் உண்மையே.

இரண்டு ஆக்ஷேபணைகள்

இரண்டு ஆக்ஷேபணைகள் வழக்கமாக எழுப்பப்படுகின்றன. ஏழை புகைக்கிறான், குடிக்கிறான், கண்டதைத் தின்கிறான். அவனே அவன் நோய்க்குக் காரணம் என்பது முதலாவது. பழக்கங்களுக்கு உரிய பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் வொய்ட்ஹால் சாட்சியம் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை வரையறுத்துவிட்டது. மேலும், கெட்ட பழக்கம் ஏன் வருமானத்தின் வரிசைப்படியே அமைகிறது என்ற கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லுவதில்லை. தனி மனிதர்களின் குற்றம் இத்தனை ஒழுங்காக வரிசையில் நிற்குமா?

இரண்டாவது ஆக்ஷேபணை: நோய்க்கு மூலகாரணம் சமூகத்தில் இருந்தால், அதைச் சர்க்கார் மாற்ற இயலாது, வீண் செலவு ஏன் என்பது. இதற்கும் பதில் உண்டு. 1997-க்குப் பிறகு வந்த தொழிற்கட்சிச் சர்க்கார், சட்டப்படி குறைந்தபட்சக் கூலி, ஏழைக் குழந்தைகளுக்கு உதவி, பின்தங்கிய பகுதிகளில் சிசு பராமரிப்பு நிலையங்கள், ஏழைப் பகுதிகளுக்கு அதிக வைத்தியப் பணம் என்று பல முனைகளில் ஒரே சமயத்தில் முயன்றது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மிக ஏழைப் பகுதிகளுக்கும் மற்றப் பகுதிகளுக்கும் இடையே ஆயுளில் இருந்த பேதம் சிறிதளவு குறைந்தது என்றும், முயற்சி நின்ற பின் மீண்டும் வளர்ந்தது என்றும் 2017-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. முயன்றால் குறைகிறது, விட்டால் வளர்கிறது. இது விதியின் வேலையன்று, பட்ஜெட்டின் வேலை.

விட்டதன் விளைவையும் கேளுங்கள். ஸர் மைக்கேல் மார்மட் 2010-ல் தந்த அறிக்கையில், இங்கிலாந்தின் மிக ஏழைத் தெருக்களில் வாழ்வோர் மிகச் செல்வத் தெருக்களில் வாழ்வோரைவிட ஏழு வருஷம் முன்னதாக இறக்கின்றனர் என்றார். உடல் ஊனமின்றி வாழும் காலத்தில் பேதம் 17 வருஷம். அதே ஆண்டில் பதவியேற்ற சர்க்கார் சிக்கனம் என்ற பெயரால் உதவிகளையும் ஸ்தல ஸ்தாபனங்களின் பணத்தையும் வெட்டிற்று. பத்து வருஷம் கழித்து 2020 பிப்ரவரியில் மார்மட் மறுபடி கணக்குப் பார்த்தபோது, நூறு வருஷமாக ஏறிவந்த ஆயுள் ஏற்றம் ஏறத்தாழ நின்றுவிட்டது. மிக ஏழைப் பகுதிகளில் பெண்களின் ஆயுள் குறையவே செய்தது. அடுத்த மாதமே கொரோனா கொள்ளைநோய் பரவிற்று. முதல் அலையில் மிக ஏழைப் பகுதிகளின் மரண விகிதம் மிகச் செல்வப் பகுதிகளினுடையதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆஸ்பத்திரிக் கதவு எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்தே இருந்தது. ஆனால் அந்தக் கதவை அடைவதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

நமக்குரிய பாடம்

பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்த மறு வருஷம், 1943-ல், இந்தியாவிலும் ஸர் ஜோஸப் போர் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. சென்னையின் டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்க இயலாமையினால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்று அது 1946-ல் கூறிற்று. நாற்பதினாயிரம் ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற திட்டமும் அதனுடையதே. வீடு, உணவு, வேலை ஆகியவை இன்றி ஆரோக்கியம் இல்லை என்பதையும் அது அறிந்திருந்தது. சுதந்திரம் பெற்ற நாம் அந்த அறிக்கையைப் போற்றினோம், முழுவதும் நிறைவேற்றவில்லை. 2021-22-ம் வருஷத்தில்கூட தேசத்தின் வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39 பங்கு நோயாளியின் மடியிலிருந்தே நேராகச் சென்றது. 2018-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டம் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லக்ஷம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதாகும். படுக்கையில் விழுந்த பின் கிடைக்கும் உதவி அது. விழாமலிருக்க உதவி அன்று. வெளிநோயாளியாக வாங்கும் தினசரி மருந்துக்கு அதில் இடமில்லை. முதலில் கதவையே முழுவதும் திறக்காத நாம், கதவைத் திறந்தும் போதவில்லை என்று கண்ட தேசத்தின் அனுபவத்தை இரு மடங்கு கவனத்துடன் படிக்க வேண்டும்.

ஆகையால் பொது வாழ்வில் ஈடுபட்ட நண்பர்களுக்கு மூன்று கோரிக்கைகளைச் சமர்ப்பிக்கிறோம். முதலாவது, மரணக் கணக்கு. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று தந்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. இறப்புப் படிவத்தில் இறந்தவனின் தொழிலைக் கேட்கும் இடம் உண்டு. நம் ஜில்லாவில் செங்கற்சூளைத் தொழிலாளி எந்த வயதில் இறக்கிறான், தாசில்தார் எந்த வயதில் இறக்கிறார் என்று எந்தக் காரியாலயத்திலாவது கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வரையில் கேளுங்கள். எண்ணப்படாத மரணத்துக்கு மந்திரி எவரும் ஜவாப்தாரி ஆவதில்லை. பிளாக் அறிக்கையை ஒளிக்க முயன்றவர்களால் ஒளிக்க முடியாமற் போனதற்குக் காரணம், கணக்கு முன்பே இருந்தது. இல்லாத கணக்கை ஒளிக்க வேண்டிய சிரமம்கூட ஒரு சர்க்காருக்கு இல்லை!

இரண்டாவது, பணம் மரணத்தைத் தொடர்ந்து செல்ல வேண்டும். எந்தத் தாலுகாவில் சிசுக்களும் உழைப்பாளிகளும் அதிகமாக மாள்கிறார்களோ அந்தத் தாலுகாவுக்கு முதல் டாக்டர், முதல் தாதி, முதல் ரூபாய். செல்வாக்குள்ளவர் தொகுதிக்குப் பெரிய கட்டடம் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மூன்றாவது, சுகாதாரத்தைச் சுகாதார மந்திரியிடம் மட்டும் விடலாகாது. கூலி நிர்ணயிக்கும் இலாகாவும், வீடு கட்டும் இலாகாவும், குடிநீர் தரும் நகரசபையும், பள்ளி உணவு சமைக்கும் கூடமும் தங்கள் தங்கள் காரியத்தால் எத்தனை உயிர் மிஞ்சிற்று என்று கணக்குக் காட்டும்படி செய்ய வேண்டும்.

பெவரிட்ஜ் எண்ணிய ஐந்து அரக்கர்களும் உடன்பிறந்தவர்கள். பிரிட்டன் நோய் என்னும் ஒருவனோடு ஆஸ்பத்திரியில் மட்டும் மல்லுக்கு நின்றது. மற்ற நால்வரை இடையிடையே தப்பவிட்டது. தப்பியவர்கள் தம் சகோதரனுக்கு இரவில் சோறு போட்டு வளர்க்கிறார்கள். இனிமேல் எந்தக் கட்சி மேடையேறி ஆஸ்பத்திரி கட்டுவோம் என்று சொன்னாலும், நல்லது, கட்டுங்கள் என்று வரவேற்போம். அடுத்த மூச்சிலேயே, அதன் வாசல் வரையில் நடந்து வருவதற்குள் எங்கள் தெருவில் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் யார், ஏன் என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் எண்ணோடும் காரணத்தோடும் விடை கூறும் ஆட்சியே பிரஜைகளின் ஆட்சி.